கெட்டில்பெல்லுக்கு நெஞ்சுக்கிழமை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் ஆரோக்கியப் பக்கத்தில் கெட்டில்பெல் பயிற்சிக்கென்று ஒரு வார அட்டவணை வந்திருந்தது. திங்கள் தோள், செவ்வாய் கால், புதன் முதுகு, வியாழன் நெஞ்சு, வெள்ளி கை, நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்று கட்டம் போட்டு அழகாகத்தான் இருந்தது. அட்டவணையைத் தயாரித்தவருக்கு உடற்பயிற்சி தெரியும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மெஷினும் டம்பெல்லும் வரிசையாக அடுக்கிய ஜிம்மில் சந்தா கட்டிப் போகிறவருக்கு அது பொருந்தலாம். கெட்டில்பெல் என்கிற, கைபிடி வைத்த இரும்புக் குண்டு ஒன்றே ஒன்றை வீட்டில் வைத்திருக்கிற ஆளுக்கு அது பொருந்தாது. ஏன் பொருந்தாது, வேறு எப்படிப் பிரிக்கலாம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் சுருக்கிப் போடுங்கள், ஆனால் ஸ்விங் பற்றிய பகுதியில் கை வைக்காதீர்கள்.

நான் திருகோணமலை மத்திய வீதியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவன். வயது 54. வீடு கடைக்குப் பின்னால். காலை எட்டரைக்குக் கடையைத் திறந்தால் பூட்ட இரவு ஏழு தாண்டும். ஜிம்முக்குப் போய்வர ஒரு நேரம், அங்கே நிற்க ஒரு மணித்தியாலம் என்று ஒதுக்க எனக்கு வழியில்லை. எங்கள் வீதியில் கடை வைத்திருக்கிற எவருக்கும் இருக்காது. அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருந்தது, அண்ணனுக்கும் வந்துவிட்டது. கிளினிக் வரிசையில் அடுத்த கதிரை எனக்குத்தான் என்று தெரிந்த பிறகுதான் 16 கிலோ கெட்டில்பெல் ஒன்றை வாங்கினேன். பகலில் அது காசு மேசைக்குக் கீழே கிடக்கும். அதைக் கண்ட மேசன்மார் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “என்ன முதலாளி, சிமெந்து மூட்டை தூக்கிறது காணாதோ?”

காணாது. 50 கிலோ மூட்டையைத் தூக்குகிறவர்கள் கடைப் பொடியன்கள். நான் தூக்குவது பில் புத்தகத்தை.

இந்தக் குண்டு ஒரு வகையில் எங்களைப் போன்ற வியாபாரிகளின் சாமான். ரஷ்யாவில் தானியம் நிறுக்கத் தராசில் வைத்த படிக்கல்தான் இது. அவர்களுடைய பழைய நிறுவை அளவுக்குப் பூட் என்று பெயர், ஒரு பூட் என்பது 16.38 கிலோ. இன்றைக்கும் 16, 24, 32 கிலோ என்று குண்டுகள் வருவதற்குக் காரணம் அதுவே: ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட். 1885இல் சென் பீட்டர்ஸ்பேர்க் நகரில் விளாடிஸ்லாவ் கிரயெவ்ஸ்கி என்ற வைத்தியர் பாரம் தூக்குவோருக்கு ஒரு கழகம் தொடங்கினார். சோவியத் காலத்தில் குண்டு தூக்குவது தனிப் போட்டியாகவே வளர்ந்தது. பத்து நிமிடம், குண்டைக் கீழே வைக்கக்கூடாது, எத்தனை முறை தூக்குகிறாரோ அத்தனை புள்ளி. போட்டிக்கான குண்டுகளுக்கு நிறமும் வைத்தார்கள், 16 மஞ்சள், 24 பச்சை, 32 சிவப்பு.

படிக்கல்லின் குணம் என்னவென்றால் அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பார்பெல் என்றால் தட்டைக் கழற்றலாம், மாட்டலாம். மெஷின் என்றால் ஆணியை ஒரு துளை கீழே செருகலாம். 16 கிலோ குண்டு என்றைக்கும் 16 கிலோதான். உங்கள் அட்டவணை இதை யோசிக்கவே இல்லை. அதை எடுக்கும் முன் உறுப்புக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஸ்விங் என்பது கெட்டில்பெல்லின் அடிப்படை. குண்டை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, தொடைகளுக்கிடையே போகவிட்டு, இடுப்பை வெட்டி முன்னே கொண்டுவந்து நெஞ்சு உயரத்துக்கு வீசுவது. வீசுவது இடுப்பு, கை வெறும் கயிறு. இதைச் செய்து முடித்தவுடன் தொடையின் பின்பக்கம், பிட்டம், முதுகு, அடிவயிறு, விரல்கள் எல்லாம் வேலை செய்திருக்கும். இது உங்கள் கட்டத்தில் எந்தக் கிழமை? கால் என்றும் போடலாம், முதுகு என்றும் போடலாம். உங்கள் அட்டவணை இரண்டிலும் போட்டிருக்கிறது, செவ்வாயும் புதனும் அடுத்தடுத்து! தலைக்கு மேல் தூக்கும் ப்ரெஸ்ஸைத் திங்கள் ‘தோள்’ என்கிறீர்கள். ஆனால் தோளுக்குக் குண்டு எப்படி வந்தது? நிலத்திலிருந்து ஒரே வீச்சில் தோளுக்கு எடுக்கும் ‘க்ளீன்’ செய்துதான் வந்தது, அதாவது மறுபடியும் இடுப்பு, முதுகு, பிடி. கெட்டில்பெல்லில் ஒரு உறுப்பைத் தனியே கூப்பிட்டு வேலை வாங்க முடியாது, எல்லாம் குடும்பத்தோடு வரும். ஆகவே தோளுக்கு ஒரு நாள், முதுகுக்கு மறுநாள் என்று ஓய்வு கொடுப்பது கடதாசியில் மட்டும் நடக்கிறது. கைப்பிடிக்கு ஒரு நாளும் ஓய்வில்லை.

என் தங்கையின் மகன் உங்கள் அட்டவணையை வெட்டி எடுத்து அப்படியே பின்பற்றினான். கணினிக்கு முன்னால் வேலை, இரவில்தான் நேரம். செவ்வாயும் புதனும் ஒரு மணித்தியாலப்படி செய்து, வியாழன் மாலை கடைக்கு வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினான். விரல்களின் அடியில் காய்த்த தோல் கிழிந்து சிவப்பாக இருந்தது. “மாமா, இண்டைக்கு நெஞ்சுக்கிழமை, கையில்லாமல் என்ன செய்யிறது?” என்று கேட்டான். பிளாஸ்டர் கொடுத்து அனுப்பினேன். உள்ளங்கைதான் கெட்டில்பெல்காரனின் முதல் எல்லை. நெஞ்சோ காலோ களைக்கும் முன் விரல் களைத்துவிடும். ஒரே இருப்பில் ஐந்து விதமான பயிற்சியை அடுக்கினால் கடைசி மூன்றும் களைத்த பிடியோடு செய்யப்படுபவை. வேளைகளாகப் பிரிக்கச் சொல்வதற்கு என்னிடம் உள்ள முதல் நியாயம் இதுதான்.

இப்போது படிக்கல் கணக்குக்கு வருகிறேன். ஒரே 16 கிலோ குண்டு எனக்கு எல்லாப் பயிற்சியிலும் ஒரே பாரம் இல்லை. ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கும்போது அது பாரம், நல்ல நாளில் ஐந்து முறை தூக்குவேன், ஆறாவது நடுங்கும். நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக் குந்தி எழும்பும் கொப்லெட் ஸ்குவாட்டுக்கு நடுத்தரம். ஸ்விங்குக்கு இலேசு, மூச்சு இருக்கும்வரை வீசலாம். படுத்த நிலையிலிருந்து குண்டைக் கையில் உயர்த்தியபடியே எழும்பி நின்று, வந்த வழியே திரும்பப் படுக்கும் டேர்கிஷ் கெட்-அப்பில் பாரத்தை விடக் கவனம்தான் கஷ்டம். குண்டு மாறாது என்றால் மாறவேண்டியது எண்ணிக்கை, ஓய்வு, நாளின் வேளை இவைதான். பாரமாக இருப்பதைச் சிறு துண்டுகளாக நாள் முழுவதும் தூவலாம். இலேசாக இருப்பதை ஒரே மூச்சில் சேர்த்துச் செய்யவேண்டும். கவனம் கேட்பதை உடம்பு புதிதாக இருக்கும் நேரத்துக்கு வைக்கவேண்டும். உறுப்பை விட்டுவிட்டு இந்த மூன்றையும் வைத்துப் பிரித்துப் பாருங்கள், எல்லாம் தானாக இடத்தில் போய் விழும்.

என் கணக்கு எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். இதுதான் சட்டம் என்று சொல்லவில்லை.

ஸ்விங் காலையில். ஆனால் பாயை விட்டு எழும்பிய கையோடு இல்லை. இரவு படுத்திருக்கும்போது முள்ளந்தண்டின் எலும்புகளுக்கிடையே உள்ள தட்டுகள் நீரை இழுத்து உப்பியிருக்கும். எழும்பிய முதல் ஒரு மணித்தியாலத்தில் குனிந்து பாரம் எடுத்தால் நாரி பிடிக்கிற ஆபத்து அதிகம். தேத்தண்ணி குடித்து, முற்றம் கூட்டி, செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, உடம்பு தளர்ந்த பிறகு தொடங்குவேன். நிமிடம் தொடங்கும்போது பத்து வீச்சு, அந்த நிமிடத்தின் மீதி ஓய்வு, அடுத்த நிமிடம் மறுபடி பத்து. பத்து நிமிடத்தில் நூறு ஆகிவிடும். மூச்சு வாங்கும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் ஏதாவது கேட்டால் பதில் சொல்லலாம். அந்த அளவு எனக்குப் போதும். திங்கள், புதன், வெள்ளி இது. செவ்வாய், வியாழன், சனி அதே நேரத்தில் கெட்-அப், ஒவ்வொரு பக்கமாக மாறி மாறி, அவசரமில்லாமல். இரண்டையும் ஒரே காலையில் சேர்ப்பதில்லை, ஸ்விங்கில் பிடி தளர்ந்த கையோடு முகத்துக்கு மேலே குண்டைத் தூக்கிப் படுத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விறாந்தைக்குள் செய்கிறவர்கள் எழும்பி நிற்கும் முன் மேலே மின்விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். சாரத்தோடு ஸ்விங் செய்யாதீர்கள், காரணம் கேட்காதீர்கள்.

ப்ரெஸ் கடையில். வாங்க வருகிறவர்கள் ஓய்ந்த நேரத்தில், ஆணி டப்பாக்கள் அடுக்கிய தட்டுக்குப் பின்னால் போய், இடது கையால் இரண்டு அல்லது மூன்று, வலது கையால் அதே எண்ணிக்கை. இடது எனக்குப் பலம் குறைந்த கை, அது எத்தனை செய்கிறதோ அத்தனைதான் வலதுக்கும். பிறகு குண்டு மேசைக்குக் கீழே போய்விடும். வியர்க்கும் முன் முடிந்துவிடுவதால் சட்டை நனையாது. அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ கழித்து மறுபடி. இடையிடையே ப்ரெஸ்ஸுக்குப் பதிலாக ரோ: சிமெந்து அடுக்கில் ஒரு கையை ஊன்றிச் சாய்ந்து, மறுகையால் குண்டை இடுப்புப் பக்கமாக இழுப்பது. தள்ளுவதற்குச் சமமாக இழுக்காவிட்டால் தோள் முன்னால் கூனிவிடும், நாள் முழுக்கப் பில் எழுதுகிற தோள் ஏற்கனவே கூனியதுதான். பின்னேரம் கொப்லெட் ஸ்குவாட். கடை பூட்டிய பிறகு குண்டை ஒரு கையில் வாளி மாதிரித் தொங்கவிட்டு, பிவிசி குழாய்களுக்கும் பெயின்ற் தட்டுக்கும் இடையே நிமிர்ந்த நடையாகப் போய் வருவேன். அவ்வளவுதான். எந்த வேளையும் பத்து, பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டாது. ஞாயிறு குண்டுக்கும் ஓய்வு, அன்றைக்குக் கோட்டை வாசலால் நுழைந்து மான்களைப் பார்த்துக்கொண்டே கோணேஸ்வரம் மட்டும் ஏறி இறங்குவேன்.

ஸ்விங்கை ஏன் கடைக்குக் கொண்டுவரவில்லை என்று மருமகன் கேட்டான். பெயின்ற் டப்பாக்கள் ஒரு காரணம். பெரிய காரணம், ஸ்விங்கின் பயன் மூச்சில் இருக்கிறது. பத்து வீசிவிட்டு அரை மணித்தியாலம் கழித்துப் பத்து வீசினால் இதயம் சூடேறும் முன் ஆறிவிடும். ப்ரெஸ்ஸின் பயன் பலத்தில், பலமோ களைக்காத உடம்பில்தான் பழகும். ஆகவே ஒன்றைக் கட்டியாக வைத்துக்கொண்டு மற்றதை உடைக்கிறேன். கெட்டில்பெல்லைப் பிரிப்பது என்றால் எல்லாவற்றையும் ஒரே அளவாக நறுக்குவது என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள்.

இதெல்லாம் கடைக்காரன் கண்டுபிடித்தது இல்லை. பல்கேரியப் பாரம் தூக்கும் அணியின் பயிற்றுநர் இவான் அபாஜியெவ் நீண்ட பயிற்சியை உடைத்து, ஒரே நாளில் பல குறுகிய வேளைகளாக வீரர்களைத் தூக்க வைத்தவர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அந்தச் சிறிய நாடு பாரம் தூக்குதலில் மூன்று தங்கம் எடுத்தது. பிறகு துருக்கிக்காக 1988, 1992, 1996 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற நயிம் சுலைமானொக்லு அந்தப் பட்டறையில் வளர்ந்தவர். சரி, 1988 சியோலில் பல்கேரிய வீரர் இருவர் ஊக்கமருந்தில் பிடிபட்டு, அணியே திரும்பிப்போன கதையும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே அவர்கள் தூக்கிய கிலோவை நான் உதாரணமாகக் காட்டவில்லை. நாளைத் துண்டு போட்ட விதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் முறைக்கு நெருக்கமான பயிற்றுநர் மின்ஸ்கில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன பாவெல் சாட்சூலின். 2000க்குப் பிறகு கெட்டில்பெல் மேற்கு நாடுகளில் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு. அவர் சொல்லும் முறை எளியது: முடிந்த அளவில் பாதியோடு நிறுத்து, களைக்காதே, நாளில் பலமுறை செய். ஐந்து முடியும் என்றால் இரண்டு மூன்றோடு வைத்துவிடு. பலம் என்பது தசையின் பருமன் மட்டுமில்லை, நரம்பு தசையை ஏவும் பழக்கமும்தான், பழக்கம் அடிக்கடி செய்வதால் வரும். சங்கீதம் படிக்கிற பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து மணித்தியாலம் பாடச் சொல்கிறோமா? தினமும் கொஞ்சம் என்றுதான் சொல்வோம்.

தசை வளர்ச்சியைப் பொறுத்தவரை, வாரத்தின் மொத்த வேலை சமமாக இருந்தால் அதை எத்தனை நாளாகப் பிரித்தாலும் பெரிய வித்தியாசம் வராது என்பதுதான் ஆய்வுகளின் பொதுவான முடிவு. உலக சுகாதார ஸ்தாபனமும் மனதை மாற்றிக்கொண்டது. 2010இல் அவர்கள் தந்த பரிந்துரையில் மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ச்சியாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2020இல் வந்த புதிய பரிந்துரையில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கிழமைக்கு இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சி என்பதுதான் பெரியவர்களுக்கான கணக்கு, எவ்வளவு சிறிய துண்டும் கூட்டலில் சேரும். இப்படியிருக்க, உங்கள் பக்கத்தில் ‘நாளுக்கு ஒரு மணித்தியாலம்’ என்று தடித்த எழுத்தில் போட்டால் என்ன நடக்கும்? ஒரு மணித்தியாலம் இல்லாத ஆட்கள் அன்றைக்கே பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார்கள். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் பிரிப்பதால் இன்னொரு ஆதாயமும் உண்டு. வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே இரத்தத்தில் இருக்கும் சீனியை இழுத்துக்கொள்ளும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு சற்று நேரம் விட்டு, குண்டில்லாமலோ இலேசான குண்டோடோ கொஞ்சம் குந்தி எழும்புவதும் நடப்பதும், காலையில் ஒரே அடியாகச் செய்துவிட்டு மீதி நாள் முழுக்கக் கதிரையில் இருப்பதை விட அந்தச் சோற்றுக்கு நல்லது. ஆனால் இன்சுலினோ சீனியை இறக்கும் குளிசைகளோ எடுப்பவர்கள் கிளினிக் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் கண் சத்திரசிகிச்சை செய்தவர்கள் இதில் இறங்கவே வேண்டாம். பாரத்தை உயர்த்தும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடவேண்டும். உங்கள் அட்டவணையில் மூச்சைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பிரித்துச் செய்வதிலும் வில்லங்கம் உண்டு, மறைக்கவில்லை. முதலாவது, மொத்தம் கண்ணுக்குத் தெரியாமல் ஏறிவிடும். மூன்று மூன்றாகச் செய்கிறோம், என்ன பெரிது என்று தோன்றும், ஆனால் வெள்ளிக்கிழமை கூட்டிப் பார்த்தால் போன வாரத்தைப்போல இரண்டு மடங்கு ஆகியிருக்கும். முழங்கை உளைவு அப்படித்தான் தொடங்கும். நான் கடை நாட்காட்டியின் தாளில் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கோடு போடுகிறேன், கடன் கணக்கைப்போல. இந்த வாரக் கோடுகள் போன வாரத்தைவிடக் கொஞ்சம்தான் கூடலாம். இரண்டாவது, ஆறிய உடம்போடு தூக்கும் ஆபத்து. ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் தோளைச் சுழற்றி, குண்டில்லாமல் இடுப்பை நான்கைந்து தரம் மடித்து நிமிர்த்தவேண்டும், அரை நிமிடத்து வேலை. மூன்றாவது மறதி. கடையில் சனம் கூடினால் பின்னேரம் வரை ஒரு கோடும் விழாது. அப்படிப்பட்ட நாளில் விடுபட்டதை இரவில் சேர்த்துச் செய்து ஈடுகட்டக்கூடாது, போனது போனதுதான்.

எங்கள் ஊர் வெக்கையைப் பற்றி உங்கள் கட்டுரையாளருக்குச் சொல்லவேண்டும், அவர் குளிரூட்டிய அறையில் எழுதியிருக்கவேண்டும். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் இங்கே பகல் வெப்பம் 35 பாகையைத் தொடும். அந்த நேரத்தில் ஒரு மணித்தியாலம் தொடர்ந்து குண்டு வீசினால் களைப்பு ஒரு பக்கம், கைபிடி வழுக்குவது இன்னொரு பக்கம். வியர்த்த கையிலிருந்து ஸ்விங்கின் உச்சியில் பறக்கிற 16 கிலோ எங்கே விழும் என்று குண்டுக்கே தெரியாது. ஜிம்மில் கையில் பூசும் வெள்ளைத் தூள் மக்னீசியம் கார்பனேற். பள்ளிக்கூடத்துச் சோக்கட்டியை இடித்துப் பூசுகிறவர்களைக் கண்டிருக்கிறேன், அது வேறு பொருள், அதே வேலையைச் செய்யாது. தூள் கிடைக்காவிட்டால் ஒரு பருத்தித் துண்டு போதும், ஒவ்வொரு செட்டுக்கும் முன் கையையும் கைபிடியையும் துடைத்துவிடுங்கள். சிறு வேளைகளாகப் பிரித்தால் வியர்வை வழிந்து கைக்கு வரும் முன் வேலை முடிந்துவிடும். மாரியில் வாடைக்காற்றோடு மழை பிடித்தால் முற்றம் இல்லை, ஸ்விங்குக்குப் பதில் உள்ளே கொப்லெட் ஸ்குவாட்டை ஓய்வு குறைத்துச் செய்வேன்.

என் தொழில் சார்ந்து ஒரு வார்த்தை. குண்டு வாங்கும்போது கைபிடியின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வார்ப்பு அச்சு சேர்ந்த இடத்தில் மெல்லிய விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும். மருமகனின் உள்ளங்கையைக் கிழித்ததில் அட்டவணைக்குப் பாதி, அந்த விளிம்புக்குப் பாதிப் பங்கு. அரத்தால் இலேசாக ராவி, எமரித் தாளால் தேய்த்தால் சரியாகிவிடும். போட்டிக் குண்டுகளின் கைபிடி 33 அல்லது 35 மில்லிமீற்றர் தடிப்பு. அதைவிடத் தடித்ததை வாங்கினால் விரல் இன்னும் சீக்கிரம் களைக்கும். பிளாஸ்டிக் கோதுக்குள் சிமெந்து நிரப்பி வருபவை மலிவு, ஆனால் அதே எடைக்கு உருவம் பெரிது, மணிக்கட்டில் இடிக்கும். கீழே போட்டால் வெடிக்கும். சிமெந்து விற்கிறவன் சொல்கிறேன், நம்பலாம்.

பெண்களை உங்கள் பக்கம் படத்தில் மட்டும் காட்டியிருக்கிறது. என் மச்சாள் உவர்மலையில் இருக்கிறார், ஆசிரியை. 8 கிலோ குண்டு அடுக்களை வாசலில் கிடக்கிறது. சோறு கொதிக்கும் நேரத்தில் ஸ்குவாட், பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு ப்ரெஸ், ஸ்விங் மட்டும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு. “தனியா நேரம் எடுத்தால்தானே வீட்டில கேள்வி கேட்பினம், இப்பிடி இடைக்கிட செய்தால் ஒருத்தருக்கும் தெரியாது” என்பது அவர் கணக்கு. அந்தக் கேள்விகளைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம், இப்போது வேண்டாம். ப்ரெஸ்ஸில் 8 கிலோ அவருக்கு இலேசாகிவிட்டது, அதனால் அடுத்த மாதம் 12 கிலோ வாங்கப் போகிறார், ஆனால் 8ஐ விற்கமாட்டாராம், கெட்-அப்புக்கு அது வேண்டும். படிக்கல் கணக்கு அவருக்கு நான் சொல்லாமலே பிடிபட்டிருக்கிறது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அட்டவணையை மறுபடி போடுவதானால் உறுப்புகளின் பெயரை எடுத்துவிட்டு, பயிற்சியின் பெயரையும் அதற்கான வேளையையும் போடச் சொல்லுங்கள். ஸ்விங்கை அடுத்தடுத்த நாளில் வைக்கவேண்டாம். ‘ஒரு மணித்தியாலம்’ என்ற வரி வேண்டாம். வாசகரிடம் இருக்கும் குண்டு எத்தனை கிலோ, அதை அவர் தலைக்கு மேல் எத்தனை தரம் தூக்குவார் என்று முதல் கட்டத்திலேயே எழுதிக்கொள்ள இடம் விடுங்கள். மீதி எண்ணிக்கை எல்லாம் அந்த இரண்டு எண்ணிலிருந்துதான் வரவேண்டும். பழகாத ஆண்கள் 12 கிலோவோடும் பெண்கள் 8 கிலோவோடும் தொடங்கினால் போதும் என்றும், முதல் சில வாரங்களில் ஸ்விங்கைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் என்றும் ஒரு குறிப்புச் சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஹார்ட்வெயார் கடைக்காரர் ஒருவர்,
மத்திய வீதி, திருகோணமலை.